‘அது ஏலாது, மாஸ்ரர்’ என்று சொன்ன இருவர்: அரியாலையில் ஒரே குளிரூட்டியை இரண்டு முறை பொருத்திய அனுபவம்

யாழ்ப்பாண நகரப் பக்கத்தில் இருவராகச் சேர்ந்து தொழில் செய்யும் குளிரூட்டிப் பொருத்துநர்கள் அரியாலையிலுள்ள எங்கள் வீட்டில் செய்து தந்த வேலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. அவர்கள் பொருத்தியது புதிய இயந்திரத்தை அன்று. எட்டு மாதங்களுக்கு முன்னர் கடையொன்றின் ஆட்கள் இலவசமாகப் பொருத்திவிட்டுப் போன 12,000 பீ.ரீ.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) இன்வேட்டர் குளிரூட்டியைக் கழற்றி, வேறோர் இடத்தில் முறைப்படி மறுபடி பொருத்தினார்கள். ஒரே இயந்திரம் ஒரே அறையில் இரண்டு விதமாகப் பொருத்தப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள் என்பதனாலேயே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். முதலில் பொருத்திய கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இரண்டாவதாக வந்த இளைஞர்கள் பெயர்ப்பலகை இல்லாமல் தொழில் செய்பவர்கள். அவர்களுடைய பெயரையும் நான் இங்கே போடவில்லை.

எங்கள் வீடு பாட்டனார் காலத்துக் கல்வீடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர்களும், ஓட்டுக் கூரையும், அதன் கீழே பலகைச் சீலிங்கும் கொண்டது. மற்றைய மாதங்களில் குறை சொல்ல இடமில்லாத இந்த வீட்டில், சித்திரையிலும் வைகாசியிலும் அம்மாவின் அறையின் மேற்குச் சுவர் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்திருந்து இரவு முழுவதும் திருப்பிக் கொடுக்கும். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். குளிரூட்டி என்ற சொல்லே எனக்கு ஊதாரித்தனமாகத்தான் கேட்டது. நோர்வேயிலிருக்கும் மகன்தான் விடாமல் வற்புறுத்தினான். அவனுடைய வீட்டிலும் இதே வகை இயந்திரம் சுவரில் இருக்கிறது. அங்கே அதற்கு வெப்பப் பம்பி என்று பெயர். பனிக்காலத்தில் வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே விடுகிறது. ஓட்டத்தின் திசையை மாற்றும் வால்வு ஒன்றையும் சில கட்டுப்பாடுகளையும் தவிர்த்தால் இரண்டும் ஒன்றே. குளிரூட்டும் வாயுவில் கை வைப்பவர் அதற்கான சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். முதல் முறை பொருத்திய அன்று மாலை தொலைபேசியில் அவன் கேட்ட முதற் கேள்வி, “வந்தவை வக்கூம் பம்ப் கொண்டுவந்தவையோ, அப்பா?” என்பது. விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தும், அந்தக் கேள்வியின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

மாசி மாதத்தில் நடந்த அந்த முதற் பொருத்துகை மொத்தமாக ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அந்த வேகத்தை நான் திறமை என்று எண்ணி, வந்த இருவருக்கும் தேநீரோடு கையில் காசும் கொடுத்தேன். வெளியலகை மேற்குச் சுவருக்கும் மதிலுக்கும் இடையிலிருந்த இரண்டடி ஒழுங்கையில் இரும்புத் தாங்கிகளில் ஏற்றினார்கள். செம்புக் குழாய்களை இணைத்ததும், வெளியலகின் வால்வைச் சற்றுத் திறந்து, மறுமுனையில் ‘ஸ்ஸ்’ என்று சில வினாடிகள் வாயுவை வெளியே விட்டு, “காத்து வெளியாலை போட்டுது” என்றார்கள். மின்சாரத்தை, அம்மாவின் கட்டிலுக்கு அருகில் ஏற்கெனவே இருந்த 13 அம்பியர் பிளக்கிலிருந்து எடுத்தார்கள். அந்தச் சுற்றிலேதான் உடுப்பு அழுத்தும் மின்னழுத்தியும் கேத்தலும் ஓடுகின்றன.

சித்திரையில் உள்ளலகின் கீழே சுவர் ஊறத் தொடங்கியது. வைகாசியில் பிளக்கின் ஒரு முள் இருந்த இடம் பழுப்பு நிறமாகி, கை வைத்தால் சுட்டது. ஆடியில், நல்லூர்த் திருவிழாவுக்கென்று உறவினர்கள் வந்து வீடு நிறைந்திருந்த நாட்களில், இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்க அறை மட்டும் குளிரவில்லை. மெல்லிய குழாயில் வெண்பனி படிந்திருந்தது. கடைக்காரர் ஓர் ஆளை அனுப்பினார். அவர் சிலிண்டரைக் கொண்டுவந்து, நிறுக்காமலே வாயுவை ஏற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். ஆறு கிழமைக்குப் பிறகு மறுபடியும் அதே கதை. எங்கே கசிகிறது என்று அவரும் தேடவில்லை, தேடும்படி சொல்ல எனக்கும் தெரியவில்லை. ஓட்டை வாளிக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றுவதற்கு இரண்டு முறை கூலி கொடுத்திருக்கிறேன்.

இனி, நான் மதிப்பிட வந்தவர்களின் வேலை.

ஐப்பசித் தொடக்கத்தில் அவர்களில் மூத்தவர் தனியாக வந்தார். விலை சொல்வதற்கு முன்னர் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றும், பார்ப்பதற்கு 2,000 ரூபாய் என்றும், வேலை தந்தால் அதை மொத்தத்தில் கழிப்பதாகவும் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழின் பிரதியைக் கேட்காமலே காட்டினார். குளிரூட்டியைத்தான் முதலில் பார்ப்பார் என்று நான் அறையைத் திறந்து விட, அவரோ மின்மானி எங்கே என்று கேட்டு விறாந்தைக்குப் போனார். மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டிய ட்றிப் சுவிற்ச்சில் சோதனைப் பொத்தானை அழுத்தினார். அது விழவில்லை. மறுபடி அழுத்தினார், அசையவில்லை. வெளியே கிணற்றடிப் பக்கமாகப் போய், ஏர்த் எனப்படும் புவித்தொடுப்புக் கம்பியைக் கையால் மெல்லத் தூக்கிக் காட்டினார். நிலத்தில் இறக்கிய தண்டோடு அதைப் பிணைத்திருந்த பூண் துருவில் கரைந்துபோய், கம்பி வெறுமனே தண்டின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ தெரியாது. ஈரக் கையோடு கேத்தலைத் தொட்ட நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

“இந்தப் பிளக்கிலை திருப்பிப் போட ஏலாது, மாஸ்ரர். பெட்டியிலை இருந்து தனி வயர் இழுத்து, ஏர்த்தும் ட்றிப்பும் சரிவந்தால்தான் நான் கை வைப்பன்” என்றார். 12,000 பீ.ரீ.யூ. இன்வேட்டர் ஒன்று ஐந்து அம்பியர் அளவில்தானே இழுக்கும், 13 அம்பியர் பிளக் தாங்காதா என்று நான் வாதாடினேன். அவர் தந்த விளக்கம் எனக்குச் சரியாகப் பட்டது. மின்னோட்டத்தின் அளவு மட்டும் பிரச்சினை அன்று. மின்னழுத்தி பத்து நிமிடம் ஓடி நிற்கும், குளிரூட்டியோ இரவு முழுவதும் நிற்காமல் இழுக்கும். பிளக்கின் பிடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்தத் தொடுகையில் மணிக்கணக்காகச் சூடு சேரும். அதே சுற்றில் மின்னழுத்தியும் கேத்தலும் ஒன்றாக ஓடினால் கம்பியின் தாங்குதிறன் பற்றிக் கேட்கவே வேண்டாம். நீட்டிப்பு வயரில் குளிரூட்டியை ஓட்டும் வீடுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம். அதனாலேயே பிளக் கருகிய கதைகளை மேலும் சொல்லிக்கொண்டு போனார்.

வயரிங் வேலையைத் தாமே செய்யவும் அவர் ஒப்பவில்லை. அதற்கென்று தகுதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, வேண்டியவற்றைத் தாளில் எழுதித் தந்தார்: மின்பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் குளிரூட்டிக்கு மட்டுமான தனிச் சுற்று, அதற்கு இயந்திரக் கைநூல் சொல்லும் அளவில் ஒரு பிரேக்கர், 30 மில்லியம்பியர் கசிவில் விழும் புதிய ட்றிப் சுவிற்ச், புதிய புவித்தொடுப்புத் தண்டு, வெளியலகின் அருகே கைக்கெட்டும் உயரத்தில் மழை புகாத துண்டிப்புச் சுவிற்ச். இந்த வேலைக்கு ஒரு கிழமை போயிற்று. அதுவரை அவர்கள் வரமறுத்துவிட்டார்கள். அம்மா புழுங்குகிறா, இரண்டு நாளைக்காவது பழைய பிளக்கில் ஓட்டித் தாருங்கள் என்று நான் கேட்டபோதும் பதில் அந்த ஒரே சொல்தான். எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

வெளியலகை எங்கே வைப்பது என்பதிலும் எங்களுக்குள் இழுபறி இருந்தது. பழைய இடம் ஆகாது என்பதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஒழுங்கை ஒடுக்கமானதால் வெளியே தள்ளிய சூடான காற்றையே இயந்திரம் திரும்ப உள்ளே இழுத்தது. கடனீரேரிப் பக்கமிருந்து வரும் சோளகக் காற்று உப்போடு நேரே அதன் தகடுகளில் அடித்தது. எட்டு மாதத்தில் தாங்கிகளின் திருகாணிகள் துருவேறியிருந்தன. எல்லாவற்றிலும் மோசமானது சுவர். சீமெந்துச் சுவரில் இறுகப் பிடிக்கும் விரிவாணி, சுண்ணாம்புச் சாந்தும் முருகைக்கல்லும் கலந்த எங்கள் பழைய சுவர்களில் நாளாக நாளாக மாவாக்கிக்கொண்டு இளகும். அவர் கையால் அசைத்தபோது முப்பது கிலோவுக்குக் குறையாத அந்தப் பெட்டி தாங்கியோடு சேர்ந்து ஆடியது. அந்த ஒழுங்கையால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து பொறுக்க வருவார்கள்.

குசினிக்குப் பின்புறம் நிழலாக இருக்கிறது, அங்கே வைக்கலாம் என்றேன். எரிவாயுச் சிலிண்டர் அங்கே நிற்கிறது என்று சொல்லி அதையும் மறுத்தார். கடைசியில் வடக்குப் பக்க முற்றத்தில், வீடே சோளகத்தை மறைக்கும் இடத்தில், நிலத்திலிருந்து அரையடிக்கு மேல் உயர்த்திய கொங்கிறீற்று மேடை கட்டி, இறப்பர்த் துண்டுகளின்மேல் வைத்து, நான்கு மூலையும் துருப்பிடியாத ஆணியால் இறுக்கினார்கள். மாரியில் அந்த முற்றத்தில் கணுக்காலளவு தண்ணீர் நிற்கும் என்பதை நான்தான் சொன்னேன். அதற்கேற்ப மேடையை இன்னும் ஒரு கல் உயர்த்தினார்கள். முன்பக்கம் தடையில்லாமல் திறந்திருக்கிறது, பின்பக்கம் ஓரடி விட்டிருக்கிறார்கள். மாவிலை விழும் என்பது மட்டுமே இந்த இடத்தின் குறை. தகடுகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்றும், அதற்கு நல்லதண்ணீரை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் வளவுக் கிணறு உவர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை என்பதால் இப்போது மழைநீர் சேர்த்து வைக்கிறோம்.

வேலை நாளன்று காலை மழை பெய்து விட்டிருந்தது. தொடங்குமுன் இளையவர் அம்மாவிடம் போய், “ஆச்சி, சாமி விளக்கை ஒருக்கால் நூத்துவிடுங்கோ. பின்னேரம் நானே கொளுத்தித் தாறன்” என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, வெள்ளிக்கிழமை வேறு. ஆனாலும் அவர்கள் விடவில்லை. ஊதுபத்தி, குசினி அடுப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, யன்னல்களைத் திறந்த பிறகுதான் குழாயில் கை வைத்தார்கள். எங்கள் இயந்திரத்திலிருப்பது ஆர்-32 என்ற வாயு. பழைய ஆர்-22ஐப் போல ஓசோன் படையைத் தாக்குவதில்லை. புவி வெப்பமாதலில் அதன் பங்கு, காபனீரொட்சைட்டை 1 எனக் கொண்டால், முன்னர் பரவலாக இருந்த ஆர்-410ஏ வாயுவின் 2,088 என்ற அளவோடு ஒப்பிடுகையில் 675 மட்டுமே. ஆனால் அது மெதுவாக எரியக்கூடியது, மணமில்லாதது, காற்றைவிடப் பாரமானது. தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சுக் காற்றை இடம்பெயர்க்கும். சுவாலையைத் தொட்டால் சிதைந்து ஐதரசன் புளோரைட்டு என்ற நச்சு வாயுவையும் தரும். அறைக் குளிரூட்டி ஒன்றில் இருக்கும் சில நூறு கிராம் சாதாரணப் பாவனையில் ஆபத்தானது அன்று. குழாய் திறந்திருக்கும் அந்தச் சில மணித்தியாலங்கள்தான் கவனத்துக்குரியவை. முதலில் வந்தவர்கள் வாயுவை ‘ஸ்ஸ்’ என்று விட்டபோது அதே அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எஞ்சியிருந்த வாயுவை அவர்கள் வானத்துக்கு விடவில்லை. மீட்பு இயந்திரத்தால் வெற்றுச் சிலிண்டரொன்றுக்கு இழுத்து, தராசில் வைத்துக் காட்டினார்கள். 410 கிராம். இயந்திரத்தின் தகட்டிலோ 680 கிராம் என்று பொறித்திருந்தது. இரண்டு முறை காசு கொடுத்து நிரப்பிய பிறகும் இதுதான் மிச்சம். பழைய குழாயின் இணைப்பைக் கழற்றியபோது கசிவின் காரணமும் தெரிந்தது. செம்புக் குழாயின் வாயை மணிபோல விரித்துத்தான் திருகில் பொருத்துவார்கள். அந்த விரிப்பின் ஓரத்தில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு இருந்தது. அளவில்லாமல் இறுக்கினால் அப்படி வெடிக்கும் என்றார்.

பழைய குழாயையே வெட்டி மீண்டும் விரித்துப் பாவித்தால் செலவு குறையுமே என்று கேட்டேன். வளைவில் நசிந்திருப்பதையும், எட்டு மாதம் ஈரக் காற்று உள்ளே இருந்ததையும் காட்டி அதற்கும் ‘ஏலாது’ என்றுவிட்டார். ஆர்-32 பழைய ஆர்-22ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அமுக்கத்தில் வேலை செய்வது. மெல்லிய குழாய் அதற்குப் போதாது. புதிய குழாய் 0.8 மில்லிமீற்றர் தடிப்பு என்பதை வேணியர் இடுக்கியால் அளந்து காட்டினார். வேணியரை வகுப்பறைக்கு வெளியே ஒருவர் நம்பிக்கையோடு பிடித்ததைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது. வெட்டிய விளிம்பின் பிசிரைச் சுரண்டும்போது, துகள் உள்ளே விழாதபடி குழாயின் வாயை நிலத்தை நோக்கிப் பிடித்தார்கள். விரித்த முகத்தில் குளிரூட்டி எண்ணெய் ஒரு துளி தடவி, முறுக்கத்தை அளக்கும் சாவியால் கால் அங்குலத் திருகை 16, மூன்றெட்டு அங்குலத் திருகை 38 நியூற்றன் மீற்றரில் இறுக்கினார்கள். சாவி ‘டக்’ என்றதும் கை நின்றது. முதல் ஆட்கள் இரண்டடிச் சாவியில் உடம்பைச் சாய்த்து இறுக்கியதைப் பலம் என்று நினைத்தவன் நான்தான்.

பிறகு நைதரசன். குழாய்க்குள் உலர் நைதரசனை 40 பார் வரை ஏற்றி, ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நுரை தடவிப் பார்த்து, முள்ளின் நிலையைக் குறித்து வைத்து, அரை மணித்தியாலம் காத்திருந்தார்கள். வெல்டிங் கடைகளில் ஒட்சிசன் சிலிண்டர் இலகுவாகக் கிடைப்பதால் சிலர் அதை இந்தச் சோதனைக்குப் பாவிப்பதாக மூத்தவர் சொன்னார். எண்ணெய் இருக்கும் குழாய்க்குள் உயர் அமுக்கத்தில் ஒட்சிசன் சென்றால் வெடிக்கும் என்பதை நான் ஆயிரம் பிள்ளைகளுக்காவது படிப்பித்திருப்பேன். அது எங்கள் தெருவில் நடக்கக்கூடிய காரியம் என்று நினைத்ததில்லை.

மகன் கேட்ட வக்கூம் பம்ப் அடுத்ததாக வந்தது. இந்த வேலை முழுவதிலும் நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். பம்ப் குழாய்க்குள் இருக்கும் காற்றை மட்டும் எடுப்பதில்லை. அமுக்கம் போதிய அளவு குறைந்தால் நீர் சாதாரண அறை வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகும். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தை அந்த வழியில்தான் வெளியேற்ற முடியும். ஈரம் உள்ளே தங்கினால், இந்த வகை இயந்திரங்களில் பாவிக்கும் செயற்கை எண்ணெய் அதை உறிஞ்சி, காலப்போக்கில் அமிலமாகிக் கொம்பிரசரைத் தின்னும். சாதாரண முள் மானியில் வெற்றிடம் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டாற்போலத் தெரியும். உண்மையில் ஈரம் போயிற்றா என்பதை அது காட்டாது. அவர்கள் மைக்ரோன் என்ற மிக நுண்ணிய அமுக்க அலகில் அளக்கும் இலக்கமானியைப் பூட்டியிருந்தார்கள். வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கம் அந்த அளவையில் 760,000. வர வேண்டியது 500க்குக் கீழ்.

முப்பத்தைந்து நிமிடத்தில் 450 வந்தது. பம்பை மூடிவிட்டுக் காத்திருந்தோம். எண் ஏறத் தொடங்கி, 1,300 வரை போய், அங்கேயே நின்றுவிட்டது. கசிவுதானே என்றேன். “கசிவெண்டால் நிக்காமல் ஏறிக்கொண்டே போகும், மாஸ்ரர். ஏறி நிண்டால் உள்ளுக்கை ஈரம் இருக்கு” என்றார். காலை மழையில் வெளியலகின் பக்கம் நனைந்திருக்கலாம். எட்டு மாத ஈரமாகவும் இருக்கலாம். நைதரசனை மறுபடி உள்ளே விட்டு, வெளியே எடுத்து, பம்பை இரண்டாம் முறை முக்கால் மணித்தியாலம் ஓட விட்டார்கள். இம்முறை 280, மூடிப் பத்து நிமிடத்தில் 390, அதற்கு மேல் போகவில்லை. நேரம் இரண்டரையாகிவிட்டது. மூவரும் சாப்பிடவில்லை. முதல் அளவோடு வால்வைத் திறந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இயந்திரமும் அன்றைக்குக் குளிர்ந்திருக்கும். இவர்களுக்கு நான் கொடுத்த காசில் பெரும்பகுதி அந்த இரண்டாவது முக்கால் மணித்தியாலத்துக்கானது என்றே கணக்கு வைத்திருக்கிறேன்.

வாயுவைத் தராசில் வைத்தே ஏற்றினார்கள். தகட்டிலுள்ள 680 கிராம் ஐந்து மீற்றர்க் குழாய்க்கு. எங்களுடையது ஆறு மீற்றர் என்பதால் கைநூலின்படி இன்னும் 20 கிராம். மொத்தமான 700 கிராமும் ஒருநாள் காற்றில் கலந்தால், அது ஏறக்குறைய 470 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவிட்டதற்குச் சமம் என்று இரவு உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன்.

கழிவுநீர்க் குழாயை மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத சரிவில் இறக்கி, உள்ளலகைச் சுவரில் மாட்டியதும் ஒரு போத்தல் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, அது மறுபக்கம் முழுவதுமாக வருகிறதா என்று பார்த்தார்கள். சுவர்த் துளையையும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ இருக்கும்படியே போட்டிருந்தார்கள். முந்திய ஆட்கள் குழாயை ஓரிடத்தில் மேல்நோக்கி வளைத்திருந்ததுதான் சுவர் ஊறியதற்குக் காரணம். எங்கள் ஊர் ஈரக்காற்றில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் அளவில் நீர் வரும். அதை இப்போது அம்மாவின் மல்லிகைக்கு விடுகிறோம். பக்கத்து வீட்டார் பற்றறிக்கு ஊற்றப் போத்தலோடு வந்தார். காற்றிலுள்ள தூசியும் தகட்டு உலோகமும் அதில் கலந்திருக்கும் என்பதால் கொடுக்கவில்லை, கொஞ்சம் மனத்தாங்கல்.

இயக்கிப் பதினைந்து நிமிடத்துக்குப் பின் உள்ளே போகும் காற்று 28.5 பாகை, வெளியே வரும் காற்று 17 பாகை. கவ்வுமானியில் மின்னோட்டம் 4.2 அம்பியர். இந்த எண்களையும், வெற்றிட அளவையும், வாயுவின் நிறையையும், திகதியையும் ஒரு தாளில் எழுதி மின்பெட்டியின் உட்கதவில் ஒட்டிவிட்டார்கள். வெளியலகின் மூடியை நானாகக் கழற்றக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும், உள்ளே மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்ட மின்னழுத்தம் சில நிமிடங்களுக்குத் தங்கியிருக்கும். இடி மின்னல் நேரத்தில் வெளிச் சுவிற்ச்சைத் துண்டித்துவிட வேண்டும். ட்றிப்பின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

குறைகள் இல்லாமலில்லை. வருவதாகச் சொன்ன நாளுக்கு அடுத்த நாள்தான் வந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை, நான் விடுப்பெடுத்திருந்த மருமகனை வீணே காக்க வைத்தேன். சுவர் துளைக்குமுன் அம்மாவின் சேலைப் பெட்டியை மூடச் சொல்லவில்லை. சுண்ணாம்புத் தூசி ஒரு கிழமைக்குப் போகவில்லை. குழாய்களை மறைக்கும் வெள்ளைப் பெட்டி வடக்குச் சுவரில் கண்ணை உறுத்துகிறது. மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று போட்டால் நல்லது என்று வாயால் சொன்னார்களே தவிர, மின்னிணைப்பாளருக்கு எழுதிக் கொடுத்த தாளில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அதனால் அவரை இரண்டாம் முறை கூப்பிட வேண்டியதாயிற்று. உத்தரவாத அட்டையைப் பற்றியும் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. இயந்திரக் கம்பனியின் அங்கீகாரம் பெற்றவர் அல்லாதார் கழற்றிப் பூட்டினால் கொம்பிரசர் உத்தரவாதம் போய்விடும் என்று அட்டையின் பின்புறம் இருப்பதை நான் பிறகுதான் வாசித்தேன். என் நிலையில் வாசித்திருந்தாலும் இவர்களிடமே கொடுத்திருப்பேன், ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும்.

கூலியும் குழாயும் வாயுவும் மேடையுமாக 58,000 ரூபாய் கொடுத்தேன். வயரிங் அதற்குப் புறம்பு. கடையில் ‘இலவசம்’ என்ற சொல்லுக்காக நான் தெரிந்தெடுத்த இயந்திரத்துக்கு இது இரண்டாவது செலவு. மின்கட்டணம் அலகு கூடக்கூடப் படிப்படியாக ஏறும் என்பதால் 26 பாகைக்குக் கீழே வைப்பதில்லை என்று அம்மாவோடு உடன்பாடு செய்திருக்கிறோம்; அவ அதையும் குளிர் என்று சொல்லிப் போர்த்துக்கொண்டுதான் படுக்கிறா.

முன் அறைக்கும் ஒன்று போடலாமா என்று மகன் கேட்கிறான். மூத்தவரிடம் கேட்டேன். கடைக்காரர் 18,000 பீ.ரீ.யூ. என்று சொன்ன அந்த அறைக்கு, சீலிங்குக்கு மேலே வெப்பக்காப்புப் போட்டால் 12,000 போதும், பெரியதைப் போட்டால் அறை சீக்கிரம் குளிர்ந்து இயந்திரம் அடிக்கடி நின்றுவிடும், காற்றின் ஈரம் மட்டும் போகாது என்றார். இயந்திரத்தை எப்போது வாங்கலாம் என்று கேட்டதற்கு, சீலிங் வேலை முடியுமுன் வாங்கினால் தாங்கள் வரமாட்டோம் என்று பதில் வந்தது. தச்சரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.